மலைக்கு விலை சொன்னவர்

ஜெனீவா நகரத்து ஏரிக்கரையையும், அந்த ஏரியின் நடுவே விண்ணை நோக்கிப் பீறிட்டெழும் நீர்த்தாரையையும் காண்பதற்கென்றே பல தேசங்களிலிருந்தும் மக்கள் வந்து குவிகிற ஒரு கோடைக்காலக் காலையில், அவற்றை மறுநாளைக்கு என்று ஒத்திவைத்துவிட்டு, நகரத்தின் கிழக்கு எல்லையை நோக்கிச் செல்லும் டிராம் வண்டியில் ஏறி, ஷேன்-பூர் என்னும் சிற்றூரின் சதுக்கத்தில் நான் இறங்கினேன். அங்கே நிற்கும் சிலைக்கு உரியவர் அரசருமல்லர், கவிஞருமல்லர். சேனைகளை நடத்தி வெற்றி கண்டவருமல்லர். அவர் ஒரு காண்ட்ராக்டர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒப்பந்தப் பத்திரங்களின் நடுவிலேயே ஜீவனம் நடத்திய எனக்கு, காண்ட்ராக்டர் ஒருவருக்கு ஊர் கூடிச் சிலை வைத்த ஸ்தலத்தை ஒருமுறையேனும் நேரில் காணவேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது.

லூயி ஃபாவ்ர் என்பது அவருடைய பெயர். 1826-ஆம் ஆண்டில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்து, கல்லூரிப் படிப்பு என்று சொல்லத்தக்கது அதிகமில்லாமல், கைத்தொழிலாலும் புத்திசாதுரியத்தாலும் முன்னுக்கு வந்து, பிரான்சு தேசத்திலும் சுவிட்சர்லாந்திலும் ரயில் பாதை வேலைகளை எடுத்து நடத்திப் பொருளும் கீர்த்தியும் ஈட்டியவர். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மத்தியில், வடக்கே கோஷனென் என்ற கிராமத்திலிருந்து தெற்கே ஐரோலோ என்ற கிராமம் வரையில், கோத்தார்டு மலையைக் குடைந்து பதினைந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ரயில் சுரங்கம் அமைக்க வேண்டும் என்று ஜெர்மனி, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று தேசங்களும் பொருளுதவி செய்து ஒரு கம்பெனி தோன்றியபோது, அதற்கு ஒப்பந்தப்புள்ளி கொடுத்தவர்களுள் இவரும் ஒருவர். மோன் செனி என்ற மலையில் அப்போதுதான் ஒரு சுரங்கத்தை முடித்துப் பழக்கப்பட்டிருந்த இத்தாலியப் பொறியாளர்கள் அதிகமான காலமும் அதிகமான பணமும் கேட்டார்கள். ஃபாவ்ரோ இரண்டிலும் குறைத்துக் கேட்டார். வேலை அவருக்கே கிடைத்தது.

1872-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ஆம் தேதி அவர் கையெழுத்திட்ட பத்திரத்தின் நிபந்தனைகளை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். படிக்கும்தோறும் வயிற்றைப் பிசைகிறது. எட்டு ஆண்டுகளுக்குள் வேலை முடியவேண்டும். முன்னதாக முடித்தால் ஒவ்வொரு நாளைக்கும் 5,000 பிராங்கு வெகுமானம்; பிந்தினால் முதல் ஆறு மாதங்களுக்கு ஒவ்வொரு நாளைக்கும் 5,000 பிராங்கு அபராதம்; அதற்குப் பின் ஒவ்வொரு நாளைக்கும் 10,000; ஓராண்டு தாண்டிவிட்டால் அவர் கட்டிய 80 லட்சம் பிராங்கு காப்புத்தொகை முழுவதும் பறிமுதல். மலையின் வயிற்றுக்குள்ளே கருங்கல் இருக்கிறதா களிமண் இருக்கிறதா, வறண்ட பாறையா வெள்ளம் பாயும் வெடிப்பா என்பதை எந்தக் கண்ணும் கண்டதில்லை; ஆயினும் அதற்குள்ளே என்ன இருந்தாலும் அது தம்முடைய பொறுப்பு என்று ஒரு தனிமனிதர் எழுதிக் கொடுத்தார், அதை ஒரு கம்பெனி நிம்மதியோடு வாங்கிக்கொண்டது.

இந்த இடத்தில் ஒரு காலப் பொருத்தத்தைக் குறிப்பிடாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கையெழுத்தின் மை உலர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள், 1872 செப்டம்பர் 1-ஆம் தேதி, நம்முடைய தேசத்தில் இந்திய ஒப்பந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் இவ்வளவு அபராதம் என்று ஒரு தொகையைக் குறித்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாமல், நியாயமான நஷ்டஈடு எதுவோ அதை மட்டுமே பெறலாம் என்று சொல்கிறது. எழுதிய எழுத்தே எல்லாம் என்ற கொள்கைக்கும், எழுத்துக்கு மேலே நியாயம் என்று ஒன்று உண்டு என்ற கொள்கைக்கும் உள்ள தூரத்தை, ஒரே கோடைக்காலத்தில் இரண்டு கண்டங்களில் தோன்றிய இந்த இரண்டு பத்திரங்களும் எனக்கு எப்போதும் நினைவூட்டுகின்றன.

ஜெனீவாவில் நான் காண விரும்பிய மற்றோர் இடம் விமான நிலையத்துக்கு அருகில் இருந்தது. ஆலோசகப் பொறியாளர்களின் சர்வதேச சம்மேளனம், அதாவது பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துக்களால் ‘ஃபிடிக்’ என்று எங்கள் தொழிலில் வழங்கும் சபை, 1913-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் பிறந்து இப்போது இந்நகரத்தில் அலுவலகம் வைத்திருக்கிறது. 1957-இல் அது முதன்முதலாக வெளியிட்ட சிவப்பு அட்டைப் புத்தகம்தான், பிறகு எத்தனையோ தேசங்களில் அணைகளுக்கும் பாலங்களுக்கும் துறைமுகங்களுக்கும் ஒப்பந்த மூலமாயிற்று. அந்தப் புத்தகங்களை நிறத்தால் அழைப்பது எங்கள் வழக்கம். சிவப்புப் புத்தகத்தில், அநுபவமுள்ள ஒரு காண்ட்ராக்டரால் நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாத மண்ணோ பாறையோ குறுக்கிட்டால், அதன் செலவும் காலமும் வேலைக்குச் சொந்தக்காரரைச் சேரும். வெள்ளிப் புத்தகத்தில் அந்தச் சுமை பெரும்பாலும் காண்ட்ராக்டரின் தலையில் ஏறும். 2019-இல் சுரங்க வேலைக்கென்றே வந்த மரகதப் புத்தகமோ, நிலத்தடியின் நிலை இன்னது என்று சொந்தக்காரர் முன்கூட்டியே ஓர் அடிப்படை அறிக்கையில் எழுதி வைக்கவேண்டும், அதற்கு மாறாக எது தோன்றினாலும் அது அவருடையது என்று வகுக்கிறது.

அபாயத்தை யார் சுமப்பது என்ற ஒரே கேள்விக்கு நாடுதோறும் விடை மாறுவது ஆச்சரியமான விஷயம். ஆங்கிலேயச் சட்டத்தின் வழிவந்த தேசங்களில், பத்திரம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, ஒப்புக்கொண்ட விலைக்கு வேலையை முடித்துத் தருவது காண்ட்ராக்டரின் கடமை; பூமி ஏமாற்றினால் அது அவருடைய கர்மம். ஜெர்மானியச் சட்ட சிந்தனையிலோ, நிலம் என்பது சொந்தக்காரர் வேலைக்காகக் கொடுக்கும் ஒரு பொருள். கொடுத்த செங்கல் கெட்டதாக இருந்தால் கொடுத்தவர் பொறுப்பேற்பதுபோலக் கொடுத்த நிலத்துக்கும் அவரே பொறுப்பு. மழையின் சங்கதியும் இப்படித்தான். எங்கள் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து வேலை நின்றது என்று ஒரு காண்ட்ராக்டர் காலநீட்டிப்புக் கேட்டால், வருஷந்தோறும் வருவதை எதிர்பாராதது என்று சொல்லலாமா என்று திருப்பிக் கேட்போம். ஆனால் 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி துபாய்ப் பட்டணத்தில் பெய்த மழை, 1949-இல் பதிவு தொடங்கிய நாள்முதல் அந்த நாடு காணாதது. வாசகம் ஒன்றாகவே இருந்தாலும், அதற்குப் பொருள் சொல்வது அந்தந்த ஊரின் வானமும் பூமியும்தான். ஒரு தேசத்துப் பத்திரத்தை அப்படியே பெயர்த்து இன்னொரு தேசத்தில் நட்டுவிட்டு, அது நிழல் தரும் என்று நம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

லுசர்ன் நகரத்திலிருந்து மலைமேல் ஏறும் பழைய பாதையில், செப்பு நிறம் பூசிய வண்டியில் ஜன்னலோரம் அமர்ந்து, உரி ஏரியின் கரும்பச்சை நீரைப் பார்த்துக்கொண்டு சென்றபோது, என் நினைவு ஏரியில் நிற்கவில்லை. இளமையில் நான் எழுதிய ஒரு கடிதத்தில் போய் நின்றது. தென்மாவட்டத்தில் ஓர் ஆற்றின் குறுக்கே பாலம். நான் உதவிப் பொறியாளர். டெண்டரோடு இணைத்த வரைபடத்தில் முப்பது அடியில் பாறை என்று குறித்திருந்தோம். அதற்காக நாங்கள் போட்ட துளைகள் இரண்டே இரண்டு. தோண்டியபோது ஐம்பது அடி தாண்டியும் சேறும் களியுமாக வந்தது. காண்ட்ராக்டர் மண்மாதிரிகளைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து, மேஜைமேல் வரிசையாக வைத்து, “ஐயா, நீங்கள் காட்டிய பாறை இதில் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்டார். காண்ட்ராக்டர் ஸ்தலத்தை நேரில் பார்வையிட்டு மண்ணின் தன்மையை அறிந்து திருப்தியடைந்தவராகக் கருதப்படுவார் என்ற நிபந்தனையைச் சுட்டிக்காட்டி, அவருடைய கோரிக்கையை நிராகரித்து நகல் எழுதியது என் கை. அந்தக் கடிதத்துக்காக அதிகாரிகள் என்னைப் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பாடம். நஷ்டத்தை எங்கே ஈடுகட்டுவது என்று தேடிய அந்த மனிதர், பள்ளத்தின் சுவர்களுக்கு முட்டுக்கொடுக்கும் சவுக்குமரங்களைக் குறைத்தார். இரவு வேலைக்கு விளக்கைக் குறைத்தார். ஒரு மாலையில் பள்ளத்தின் ஒரு பக்கம் சரிந்து, கூலிக்கு வந்திருந்த ஓர் இளைஞனின் கால் நசுங்கியது. அவனுக்கு ஒப்பந்தம் என்ற சொல்லே தெரியாது. ஆனால் நான் எழுதிய கடிதத்தின் பாரம், அலுவலகத்திலிருந்து காண்ட்ராக்டருக்கும், காண்ட்ராக்டரிடமிருந்து மேஸ்திரிக்கும், மேஸ்திரியிடமிருந்து அவனுக்கும் படிப்படியாக இறங்கி, இறங்குவதற்கு வேறு இடமில்லாத அவனுடைய காலின்மேல் விழுந்தது. அபாயத்தைப் பத்திரத்தில் தள்ளிவிடலாம். உலகத்திலிருந்து தள்ளிவிட முடியாது. தண்ணீரைப்போல அது பள்ளத்தை நாடும். தாங்கச் சக்தியற்றவன் எங்கே இருக்கிறானோ அங்கே போய்த் தேங்கும்.

எர்ஸ்ட்ஃபெல்ட் என்ற ஊரைக் கடந்ததும் வண்டி மூச்சுவாங்கி ஏறத் தொடங்கியது. வாசன் என்ற கிராமத்தில், குன்றின்மேல் நிற்கும் வெண்ணிறத் தேவாலயத்தை, பாதை மலைக்குள்ளேயே வளைந்து வளைந்து உயர்வதால், முதலில் தலைக்கு மேலேயும், பின்பு கண்ணுக்கு நேராகவும், கடைசியில் காலடியிலுமாக மூன்று தடவை காண்கிறோம். சிறிது நேரத்தில் கோஷனென் வந்தது, இறங்கினேன். குறுகிய பள்ளத்தாக்கு, ராய்ஸ் ஆற்றின் இரைச்சல், எதிரே, புகைபடிந்த கல்வளைவுக்குள் கருமையாகத் திறந்திருக்கும் சுரங்கத்தின் வாய். அந்த ஆற்றின் வேகத்தாலேயே இயந்திரங்களைச் சுழற்றிக் காற்றை அழுத்தி, அந்தக் காற்றால் துளைக்கருவிகளை ஓட்டி, நோபெல் அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்திருந்த டைனமைட்டை வைத்து வெடித்து, அங்குலம் அங்குலமாக உள்ளே போனார்கள்.

மலை தன்னுடைய இயல்பைக் காட்டாமல் விடவில்லை. தெற்கே ஐரோலோப் பக்கத்தில் தொடக்கத்திலேயே வெள்ளம் பாய்ந்து, தொழிலாளர்கள் முழங்கால் நீரில் நின்று துளையிட்டார்கள். வடக்கே ஆண்டர்மட் சமவெளிக்கு அடியில் பாறை ஈரக்காற்றுப் பட்டதும் பொருமிப் பெருத்து, கட்டிய கல்வளைவை நசுக்கியது. மீண்டும் கட்டினார்கள், மீண்டும் நசுக்கியது. உள்ளே போகப்போக வெப்பம் 30 பாகைக்கு மேல் ஏறியது. இவற்றுள் ஒன்றையேனும் ஃபாவ்ர் உண்டாக்கவில்லை; ஒன்றையேனும் அவரால் தடுத்திருக்கவும் முடியாது; ஆனால் ஒவ்வொன்றுக்கும் விலை கொடுத்தவர் அவர். அவரிடம் பணம் குறையக் குறைய, புதுக்காற்றும் நல்ல குடிநீரும் தங்குமிடமும் யாருக்குக் குறைந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. 1875 ஜூலையில், வெடிப்புகை கலையுமுன் உள்ளே போகச் சொல்கிறார்கள் என்றும் கூலி போதாது என்றும் இத்தாலியத் தொழிலாளர்கள் இதே கோஷனெனில் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து நால்வர் மாண்டனர்.

1879 ஜூலை 19-ஆம் தேதி, விருந்தினர் சிலரை அழைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் வேலையைப் பார்வையிடச் சென்ற ஃபாவ்ர், அங்கேயே விழுந்து இறந்தார். அவருக்கு வயது 53. அடுத்த ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி, இருபுறத்திலிருந்தும் வந்தவர்கள் மலையின் நடுவே சந்தித்தனர். ஏழரைக் கிலோமீட்டர் இந்தப் பக்கமும் ஏழரைக் கிலோமீட்டர் அந்தப் பக்கமும் இருட்டிலே தோண்டி வந்தவர்களின் கோடுகளுக்கு இடையே பக்கவாட்டில் 33 சென்டிமீட்டரும் உயரத்தில் 5 சென்டிமீட்டரும்தான் பிசகு. நடுவிலிருந்த பாறையில் முதல் துளை விழுந்தவுடன், அதன் வழியே தென்புறத்துத் தொழிலாளரிடமிருந்து வடபுறத்தாருக்கு ஒரு தகரப் பெட்டி வந்தது. அதற்குள் இருந்தது ஃபாவ்ருடைய படம். உயிரோடு கடக்க முடியாத சுரங்கத்தை, முதன்முதலில் கடந்தவர் அவரே ஆகட்டும் என்று கூலிக்காரர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

நானும் அடுத்த வண்டியில் அந்தச் சுரங்கத்தைக் கடந்தேன். ஜன்னலில் என் முகமே தெரிந்துகொண்டிருந்த சிறிது நேரத்துக்குப் பின், தெற்கு வானத்தின் மிருதுவான வெளிச்சத்தில் ஐரோலோ வந்தது. ரயில் நிலையத்துக்கு அருகே, வின்சென்சோ வேலா என்ற சிற்பி உருவாக்கிய வெண்கலப் புடைப்புச் சிற்பம் நிற்கிறது. சுரங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி 1932-இல் அங்கே வைத்தார்கள். ‘உழைப்பின் பலிகள்’ என்பது அதன் பெயர். இறந்துபோன தோழனைக் கிடத்திச் சுமந்துகொண்டு, குனிந்த முதுகுகளோடு சிலர் சுரங்கத்திலிருந்து வெளியே வருகிறார்கள். ஏறத்தாழ 200 பேர் அந்த வேலையில் மாண்டதாகக் கணக்கு. குடலில் கொக்கிப்புழு பற்றி இரத்தம் வெளுத்து, ஊர் திரும்பிய பின் நலிந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. சிற்பத்தின் முன்னால் நின்றபோது, அன்றைக்குப் பள்ளத்திலிருந்து அந்த இளைஞனைச் சாக்குக் கட்டிலில் நால்வர் தூக்கிவந்த காட்சி என் கண்முன்னே வந்து, வெகுநேரம் அகல மறுத்தது.

சுரங்கம் குறித்த காலத்துக்கு ஓராண்டுக்கு மேல் பிந்தி, 1882-இல் போக்குவரத்துக்குத் திறந்தது. ஃபாவ்ருடைய நிறுவனம் அழிந்தது. கம்பெனியாவது சுகப்பட்டதா என்றால் அதுவும் இல்லை. மதிப்பீடுகள் பொய்த்துக் கடனில் தத்தளித்து, அதை உருவாக்கிய ஆல்ஃபிரட் எஷர் 1878-இலேயே தலைமைப் பதவியைத் துறக்க நேர்ந்தது. மலையின் பாரத்தை ஒருவர் தலைமேல் முழுக்கக் கட்டிவைத்ததால் எவருக்கும் லாபம் உண்டாகவில்லை.

திரும்பும்போது பெலின்சோனா சென்று, அதே மலையின் அடிவாரத்திலேயே 57 கிலோமீட்டர் நீளத்துக்குத் தோண்டி 2016 ஜூன் 1-ஆம் தேதி திறந்த புதிய சுரங்கத்தின் வழியாக வடக்கே வந்தேன். என்னைப்போன்றவர்கள் இதை ஒரு பள்ளிக்கூடமாகவே கருதவேண்டும். இந்த வழியில் பியோரா என்ற இடத்தில், சர்க்கரையைப்போல் உதிரும் டோலமைட் கல்லும் அதனுள்ளே அழுத்தத்தோடு அடைபட்ட நீரும் இருப்பதாக நிபுணர்கள் அஞ்சினார்கள். உண்மையில் அப்படி இருந்தால் சுரங்கமே சாத்தியமில்லாமல் போயிருக்கும். “டெண்டர் போட்டவர் பார்த்துக்கொள்வார்” என்று அவர்கள் சொல்லவில்லை. பெருவேலை தொடங்குவதற்கு முன்பே, 1990-களில், சொந்தக்காரர்களே செலவிட்டு, மலைக்குள் சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர் நீளத்துக்குச் சோதனைச் சுரங்கம் ஒன்றைத் தோண்டினார்கள். 1996-இல் அந்தச் சோதனைத் துளை வழியே நீரும் கல்மாவும் பாய்ந்து வந்தன, அஞ்சியது மெய்யாயிற்று. ஆனாலும் நிற்கவில்லை, சரிவாகக் கீழ்நோக்கித் துளைகள் இறக்கி, உண்மையான சுரங்கம் போகவேண்டிய ஆழத்தில் பாறை கெட்டியாகவும் வறண்டும் இருப்பதைக் கண்டார்கள். 2008-இல் இயந்திரம் அந்த இடத்தை இடையூறின்றிக் கடந்தது.

இன்றைய சுவிஸ் முறைப்படி, மலையின் குணத்துக்குச் சொந்தக்காரரே பொறுப்பு. எதிர்பார்த்ததைவிட மோசமான பாறை வந்தால், முன்பே ஒப்புக்கொண்ட விகிதப்படி விலையும் காலமும் தாமே மாறும். அதனால் காண்ட்ராக்டருக்குப் பொறுப்பே இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. தம்முடைய இயந்திரம் பழுதுபடுவதும், தம்முடைய ஆட்கள் ஒரு நாளில் செய்யும் வேலை குறைவதும், தாம் சொன்ன விலை தவறிப்போவதும் அவரையே சேரும். ஏனென்றால் அவற்றை ஆளும் வல்லமை அவரிடம் இருக்கிறது. அறியவும் அடக்கவும் வல்லவரிடம் அபாயத்தைக் கொடு. எவராலும் அடக்கமுடியாததைத் தாங்கச் சக்தியுள்ளவரிடம் கொடு. ஒப்பந்த சாஸ்திரம் முழுவதற்கும் இதைவிடப் பெரிய சூத்திரம் எனக்குத் தெரியவில்லை. கிடைமட்டமும் செங்குத்துமாக 152 கிலோமீட்டர் பாதைகளைக் குடைந்த இந்த வேலையில் ஒன்பது பேர் உயிர் நீத்தார்கள். ஒன்பதும் அதிகமே, இருப்பினும் பதினைந்து கிலோமீட்டருக்கு 200 என்ற பழைய கணக்கின் பக்கத்தில் அதை வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இயந்திரமும் வைத்தியமும் முன்னேறியது இதற்குப் பெருங்காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மரத்தையும் விளக்கையும் குறைத்துத்தான் பிழைக்கவேண்டும் என்ற நெருக்கடி அந்தக் காண்ட்ராக்டர்களுக்கு இல்லாமல் இருந்ததும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஏறத்தாழ இருபது நிமிஷங்களில் வண்டி மலையைக் கடந்து எர்ஸ்ட்ஃபெல்டின் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. பியோரா எப்போது வந்தது, எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. எதிர் ஆசனத்தில் தாயின் மடியில் உறங்கிய குழந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை. இளம் பொறியாளர்கள் சிலர் இப்போதும் டெண்டர் நகல்களைத் திருத்தித் தரச்சொல்லி என்னிடம் கொண்டுவருவதுண்டு; அப்படி ஒரு நகல் அன்றும் என் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். காண்ட்ராக்டர் மண்ணின் தன்மையை அறிந்து திருப்தியடைந்தவராகக் கருதப்படுவார் என்ற பழைய வாக்கியம், நாற்பது வருஷத்துக்கு முன் நான் எடுத்தாண்ட அதே வடிவில், அதில் ஏழாம் பக்கத்தில் இருந்தது. பேனாவைத் திறந்து அதை அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதினேன்: “துளைகள் இரண்டு போதா. பாலத்தின் ஒவ்வொரு தூணுக்கும் ஒன்று போடுக, செலவு நம்முடையது. மண் மாறினால் விலையும் காலமும் மாறும் என்று சேர்க்கவும்.”